அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்க மகனுக்கும் தெரியவேண்டும்

போன வாரம் பாம்பன் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கவாதம் வந்து எட்டு மாதமாகப் படுக்கையில் இருக்கும் பெரியவர். இயன்முறைப் பயிற்சி (பிசியோதெரபி) கொடுப்பதற்காக ஒருக்களித்துத் திருப்பினால், வால் எலும்புக்கு மேலே ஒரு ரூபாய்க் காசளவு தோல் உரிந்திருக்கிறது, படுக்கைப்புண். "நான்தான் மேடம் பார்க்கணும், என்னால முடியல" என்று அவர் மனைவி அழுதுவிட்டார்.

பன்னிரண்டு வயதிலிருந்து கடல்பாசி எடுத்தவர் அந்த அம்மா. விரலெல்லாம் பாறை கிழித்த தழும்பு. கணவர் விழுந்த நாளிலிருந்து கடலில் இறங்கவில்லை; அந்த வருமானமும் போயிற்று. தனியாளாக அவரைத் தூக்கித் தூக்கி இப்போது இவருக்கே இடுப்பு பிடித்துக்கொண்டது.

அந்த வீட்டில் இரண்டு மகன்கள் இருக்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கரையில் நிற்கிறது. இருவரும் வீட்டில்தான். "அப்பாவை நீங்க திருப்பிப் படுக்க வைப்பீங்களா?" என்று கேட்டேன். மூத்தவர் சொன்னார்: "அது பொம்பளைங்க பார்க்கிறது மேடம். எங்களுக்கு வராது."

தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. என்ன வராது? கிழிந்த வலையைக் கண்ணி கண்ணியாகப் பின்னும் விரலுக்கு அப்பாவின் நகத்தை வெட்ட வராதா? ஆடுகிற படகில் நின்று மீன் கூடையைத் தூக்குகிற ஆளுக்கு, ஆடாத கட்டிலில் கிடக்கும் மனிதரைத் திருப்ப வராதா? பிறக்கும்போதே இது தெரிந்த பெண் யாரும் இல்லை. அந்த அம்மாவுக்கும் எட்டு மாதத்துக்கு முன்னால் தெரியாது. வேறு வழியில்லாமல் கற்றுக்கொண்டார், அதுவும் தப்புத் தப்பாக. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

முன்பு அம்மா பாசிக்குப் போனால் பிள்ளைகளை அப்பத்தா பார்த்துக்கொண்டார். பெரியவர்கள் படுத்தால் ஒரே வளவுக்குள் நாலு பெண்கள் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். இன்று மகள் வெளியூரில், மருமகள் மீன் கம்பெனியில். கீழக்கரைப் பக்கம் மகன் வளைகுடாவிலிருந்து வீடியோ காலில் "வாப்பாவை நல்லாப் பார்த்துக்கங்க" என்கிறார். பணம் மாதாமாதம் வருகிறது. ராத்திரி இரண்டு மணிக்குத் திருப்பிப் படுக்க வைக்க அங்கே ஒரே ஒரு ஆள்தான், அவருக்கும் அறுபது வயது.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளைத் திருப்புங்கள், இரவிலும். தண்ணீர் மெத்தை வாங்கியாயிற்று என்று இதை விட்டுவிடாதீர்கள். குதிகால், இடுப்பெலும்பு, வால் எலும்பு மூன்றையும் தினமும் பாருங்கள். சிவந்த இடம் விரலால் அழுத்தியும் வெளுக்கவில்லை என்றால் புண் தொடங்கிவிட்டது. அங்கே தேய்க்காதீர்கள், மஞ்சள், எண்ணெய் என்று எதையும் தடவாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். வாதம் வந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கவே தூக்காதீர்கள். தோள்மூட்டு நழுவிவிடும். நான் பார்க்கும் தோள்வலியில் பெரும்பாலானது, பாசத்தோடு இழுத்ததால் வந்தது. சாப்பாடு, தண்ணீர், கஞ்சி எதுவானாலும் நிமிர்த்தி உட்காரவைத்தே கொடுங்கள்.

2021 ஆகஸ்ட்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைப் பயிற்சி வீட்டுக்கே வருகிறது, காசு கிடையாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். ஆனால் வருகிறவர் அரைமணி நேரம் இருப்பார். மிச்ச இருபத்து மூன்றரை மணி நேரமும் வீட்டு ஆட்கள் கையில்தான்.

அன்று மூத்தவரைக் கட்டில் பக்கம் கூப்பிட்டேன். முழங்காலை மடக்கி, தோளிலும் இடுப்பிலும் கை வைத்து, தன் பக்கமாக உருட்டச் சொன்னேன். இரண்டாவது தடவையிலேயே வந்துவிட்டது. "இவ்வளவுதானா மேடம்?" என்றார். அப்புறம் ஒரு தாளில் நேரம் எழுதிச் சுவரில் ஒட்டினோம். இரவு பத்தும் இரண்டும் மூத்தவருக்கு, பன்னிரண்டும் நாலும் இளையவருக்கு. தடை முடிந்ததும் படகு கடலுக்குப் போகாத நாளெல்லாம் அப்பா அவர்கள் பொறுப்பு.

கிளம்பும்போது அந்த அம்மா வாசல்வரை வந்தார். "அப்ப அந்த நாள்ல நான் பாசிக்குப் போகலாமா மேடம்?" என்று மெதுவாகக் கேட்டார். இடுப்புவலி சரியானதும் போகலாம் என்றேன். அவருக்கும் நாலு பயிற்சி எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.