அட்வெஞ்சர் கேம்: ‘சாகச விளையாட்டு’ அல்ல, புதிர்க்கதை ஆட்டம்

கணினி ஆட்டங்களில் ஒரு வகையான ‘அட்வெஞ்சர் கேம்’ என்பதைத் தமிழில் எழுத வேண்டிய இடத்திலெல்லாம் ‘சாகச விளையாட்டு’ என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். அண்மையில் ஓர் இணைய இதழில் வந்த மொழிபெயர்ப்புக் கட்டுரையிலும் அதே கதைதான். ‘1990களின் தலைசிறந்த சாகச விளையாட்டுகள்’ என்ற தலைப்பின் கீழே ‘மங்கி ஐலண்ட்’, ‘மிஸ்ட்’, ‘கிரிம் ஃபண்டாங்கோ’ மூன்றும் வரிசையாக நின்றன. மூன்றையும் ஆடி முடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவற்றில் சாகசம் செய்து காட்டினால் ஒரு கதவுகூடத் திறக்காது. யோசித்தால்தான் திறக்கும்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். லத்தீனில் ‘அட்வெனீரே’ என்றால் வந்து சேர்தல். அதிலிருந்து வந்த ‘அட்வெந்தூரா’ என்பதற்கு ‘வரப்போவது, நேரப்போவது’ என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோதும் முதலில் ‘எதிர்பாராமல் நேர்வது’ என்ற பொருள்தான் இருந்தது. ஆபத்து, துணிச்சல் எல்லாம் பிற்பாடு ஏறியவை. நம் கத்தோலிக்கத் தேவாலயங்களில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களைத் ‘திருவருகைக் காலம்’ என்கிறார்களே, அந்த ‘அட்வென்ட்’டும் இதே வேரில் முளைத்ததுதான். சாந்தோம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

விளையாட்டு வகைக்கு இந்தப் பெயர் வந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1970களின் நடுவில் அமெரிக்காவில் வில் க்ரௌதர் என்ற நிரலாளர் இருந்தார். இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் வேலை பார்த்தவர். ஓய்வு நேரத்தில் குகைகளுக்குள் இறங்கி வரைபடம் போடுவதில் அவருக்குப் பெரிய ஈடுபாடு. கென்டக்கியின் மாமத் குகையில் தான் நடந்த பாதைகளை வைத்து, எழுத்திலேயே நடக்கும் ஒரு ஆட்டத்தைத் தன் மகள்களுக்காக எழுதினார். படம் கிடையாது. ‘மேற்கே போ’, ‘விளக்கை எடு’ என்று தட்டச்சு செய்தால் அடுத்து என்ன தெரிகிறது என்று கணினி சொல்லும். 1977இல் டான் உட்ஸ் அதை விரிவாக்கினார். ஆட்டத்தின் பெயர் ‘அட்வெஞ்சர்’. அந்தக் கணினியில் கோப்புப் பெயர் ஆங்கில எழுத்தில் ஆறைத் தாண்டக் கூடாது என்பதால், கோப்புக்கு ‘அட்வென்ட்’ என்று பெயர் வைத்தார்கள். அதன் வழியில் பிறகு வந்த எல்லாவற்றையும் ‘அட்வெஞ்சர் போன்ற ஆட்டம்’ என்று சொல்லிச் சொல்லியே ‘அட்வெஞ்சர் கேம்’ என்றானது. ஆக, இது ஒரு தனி ஆட்டத்தின் பெயர், வகையின் பெயராக ஒட்டிக்கொண்டது. அகராதியில் ‘அட்வெஞ்சர்’ என்ற சொல்லைத் தேடி, அதற்கு நேரே இருப்பதை எடுத்து ஒட்டுவது முதல் அடியிலேயே சறுக்குகிறது.

இப்போது ‘சாகசம்’. வடமொழியில் ‘சகஸ்’ என்றால் வலிமை. அதிலிருந்து வரும் ‘சாகசம்’ அர்த்தசாஸ்திரத்தில் வன்முறையால் பறித்துக்கொள்ளும் குற்றத்துக்குப் பெயர். தமிழில் பழைய வழக்கு ஒன்று உண்டு. ‘சாகசக்காரி’ என்றால் தைரியசாலி என்று யாரும் எடுத்துக்கொண்டதில்லை. ஆளை மயக்கிக் காரியம் சாதிப்பவள் என்றுதான் பொருள். இன்றைய சென்னையில் இந்தச் சொல் எங்கே புழங்குகிறது? ‘காமராஜர் சாலையில் பைக் சாகசம், இளைஞர்கள் கைது’ என்று செய்தித்தாளில். 2024 அக்டோபரில் மெரினாவில் விமானப்படை நடத்திய வான் சாகசத்தில். ‘சாகச விளையாட்டு’ என்று சேர்த்துச் சொன்னாலோ, ஏலகிரியில் பாராகிளைடிங், கோவளத்தில் அலைச்சறுக்கு, பாறையேற்றம், கயிறு கட்டிக் குதிப்பது. அந்தத் தொடருக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது, அதை ஒழுங்காகவே செய்துகொண்டிருக்கிறது. அந்தக் கட்டுரையின் தலைப்பைப் பார்த்த என் பெரியம்மா, “நீ வீட்லயே உக்காந்துதானடா ஆடுவ, இதுல எங்க சாகசம்?” என்று கேட்டார். தமிழ் தெரிந்த எவரும் கேட்கும் கேள்விதான் அது.

இதை மறுப்பவர்கள் வழக்கமாகச் சொல்வது: ‘கதையில் வரும் நாயகன் சாகசம் செய்கிறானே, அது போதாதா?’ போதாது. 1990இல் ரான் கில்பர்ட் உருவாக்கிய மங்கி ஐலண்டையே எடுத்துக்கொள்வோம். கடற்கொள்ளையன் ஆக ஆசைப்படும் கைப்ரஷ் என்ற பையனின் கதை. அவன் ஒரு சிறு தீவுக்குப் போக வேண்டும். கரையிலிருந்து அங்கே ஒரு கம்பிவடம் போகிறது. அவன் பையில் ஒரு ரப்பர் கோழி இருக்கிறது, கோழியின் நடுவில் ஒரு கப்பி. கோழியை வடத்தில் மாட்டிச் சறுக்கிக்கொண்டு போய்விடலாம். கதைக்குள் பார்த்தால் இது சாகசம்தான், ஏலகிரியில் காசு கொடுத்துச் செய்வது போன்றதே. ஆனால் ஆடுகிறவன் செய்தது என்ன? இரண்டு சொடுக்கு. கையில் திறமை வேண்டியதில்லை, வேகம் வேண்டியதில்லை, விழுந்துவிடுவோமோ என்ற பயமும் இல்லை. அந்தக் கப்பி எதற்கு என்று உறைப்பதுதான் ஆட்டம். உறைக்கும்வரை பையில் கோழியை வைத்துக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றிக்கொண்டிருப்பான்.

அதே ஆட்டத்தில் வாள்சண்டை வருகிறது. சாகசத்துக்கு அதைவிட வேறு இடம் ஏது? ஆனால் அங்கே வாளால் யாரும் ஜெயிப்பதில்லை. எதிராளி ஒரு வசவு சொல்வான், அதற்குப் பொருத்தமான பதிலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பதில் சரியாக விழுந்தால் அவன் ஓரடி பின்வாங்குவான். வழியில் பார்க்கும் கொள்ளையரிடம் தோற்றுத் தோற்றே நல்ல வசவுகளையும் பதில்களையும் சேர்க்க வேண்டும். கடைசியில் வாள்வித்தையில் தேர்ந்த பெண்ணிடம் போனால், அவள் சொல்லும் வசவுகள் எல்லாமே புதியவை. பழைய பதில்களில் எது இதற்கும் பொருந்தும் என்று கண்டுபிடிக்க வேண்டும். தஞ்சைப் பக்கத்து லாவணியில் காமன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று மறு கட்சியும் பாட்டுக்குப் பாட்டு பதில் கட்டுவார்களே, அதை ரசித்தவர்களுக்கு இந்தச் சண்டையின் ருசி உடனே பிடிபடும். சொற்போரை நிகழ்த்தும் ஒன்றை ‘சாகசம்’ என்று சொல்வது, அதன் சிறப்பையே மறைத்துவிடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ஆட்டத்தில் கைப்ரஷ் சாவதே கிட்டத்தட்ட கிடையாது. தண்ணீருக்கடியில் பத்து நிமிடம் மூச்சடக்க முடியும் என்பது அவன் பெருமை. கடலுக்குள் அவனைப் பத்து நிமிடத்துக்கு மேல் விட்டுவைத்தால் மட்டும் சாவான். உயிருக்கு ஆபத்தே இல்லாத இடத்தில் சாகசம் எங்கிருந்து வரும்? முந்தைய சில ஆட்டங்களில், குறிப்பாக 1984இல் தொடங்கிய ‘கிங்ஸ் குவெஸ்ட்’ வரிசையில், தவறான இடத்தில் கால் வைத்தால் செத்துப்போவோம். அதை இந்த வகையின் குறையாகத்தான் நான் பார்க்கிறேன், இலக்கணமாக அல்ல.

1993இல் வந்த மிஸ்ட் இன்னும் ஒரு படி மேலே. ஆளில்லாத ஒரு தீவு. எதிரி கிடையாது, ஆயுதம் கிடையாது, ஓட்டம் கிடையாது. ராக்கெட் வடிவில் ஒரு கலம் நிற்கும், அதற்குள் ஆர்கன் என்ற இசைக்கருவி ஒன்று இருக்கும். குறிப்பிட்ட ஐந்து சுரங்களை ஆர்கனில் வாசித்துக் கேட்டு, காதில் பிடித்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்தில் இருக்கும் ஐந்து நெம்புகோல்களை அதே சுரம் ஒலிக்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். சங்கீதம் கற்ற ஒருவர் நொடியில் முடிப்பார். எனக்கு மாலை முழுதும் பிடித்தது. இதைச் சாகசம் என்றால் மார்கழிக் கச்சேரியில் உட்கார்ந்து ராகம் கண்டுபிடிப்பதும் சாகசம்தான்.

சரி, சாகசம் பொருந்தும் ஆட்டங்களே இல்லையா என்றால், இருக்கின்றன. 1996இன் ‘டூம் ரெய்டர்’, 2007இன் ‘அன்சார்ட்டட்’ போன்றவை. தாவுவது, தொங்குவது, சுடுவது என்று விரலின் விரைவும் குறியும் வேண்டும், பிசகினால் பாதாளம். ஆங்கிலத்தில் இவற்றை ‘ஆக்‌ஷன் அட்வெஞ்சர்’ என்கிறார்கள். ‘சாகச ஆட்டம்’ என்ற பெயரை இவற்றுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். பிரச்சினையே இங்கேதான்: மங்கி ஐலண்டுக்கும் அதே பெயரைக் கொடுத்துவிட்டால், அன்சார்ட்டட் ஆடிவிட்டு அதே மாதிரி இன்னொன்று தேடும் பிள்ளை மிஸ்டை வாங்கிவிட்டு விழிக்கும். பெயர் வைப்பதே பிரித்துக் காட்டத்தானே!

‘துணிகர விளையாட்டு’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். பத்திரிகைத் தமிழில் துணிகரம் என்றாலே பட்டப்பகலில் கொள்ளை. ‘வீரதீர விளையாட்டு’ என்பதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

என் பரிந்துரை ‘புதிர்க்கதை ஆட்டம்’. ‘விளையாட்டு’ என்றால் மைதானமும் வியர்வையும் நினைவுக்கு வருகின்றன. ஆடுபுலி ஆட்டம், தாயம் ஆட்டம், சதுரங்க ஆட்டம் என்று உட்கார்ந்து மூளையால் ஆடுவதற்கு நம்மிடம் ஏற்கெனவே ‘ஆட்டம்’ இருக்கிறது. புதிரையும் கதையையும் பின்னுவதும் நமக்குப் புதிதல்ல. விக்கிரமாதித்தன் கதையில் வேதாளம் ஒவ்வொரு கதையையும் ஒரு கேள்வியில் கொண்டுவந்து நிறுத்தும். முருங்கை மரமேறிப் பிணத்தைத் தூக்கி வருவது ராஜாவின் துணிச்சல். ஆனால் கதை கேட்கும் குழந்தை காத்திருப்பது அந்தக் கேள்விக்கு. அட்வெஞ்சர் கேமும் அப்படித்தான் ஓடுகிறது: புதிரை அவிழ்த்தால்தான் கதை நகரும்.

‘வெறும் புதிர் ஆட்டம் என்றால் போதாதா?’ என்பார்கள். போதாது; விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸும் புதிர் ஆட்டம்தான், அதில் கதை இல்லை. ‘விடுகதை ஆட்டம்’ என்றால் ஒரு வரிக் கேள்வியும் ஒரு சொல் பதிலும்தான் மனத்தில் வரும். தனித்தமிழில் ஊறிய நண்பர் ஒருவர் ‘பிசி ஆட்டம்’ என்று வைக்கச் சொன்னார். தொல்காப்பியச் செய்யுளியலில் பாட்டு, உரை, நூல் என்று தொடங்கும் பட்டியலில் பிசியும் உண்டு, விடுகதைக்கு அதுவே பழம்பெயர். அழகான சொல். ஆனால் இன்றைய ஆட்டக்காரனிடம் ‘பிசி ஆட்டம்’ என்றால், கணினியில் ஆடுவது என்றுதான் காதில் விழும். தூய்மை எனக்கும் பிடிக்கும். குழப்பம் என்று வந்தால் தெளிவின் பக்கம்தான் நிற்பேன்.

அந்த இணைய இதழ்க் கட்டுரையின் மொழிபெயர்ப்பாளர் இதோடு நிறுத்தியிருந்தால் நானும் நிறுத்தியிருப்பேன். ‘ரோல் பிளேயிங் கேம்’ என்பதற்கு அவர் எழுதியது ‘பங்கு வகிக்கும் விளையாட்டு’. வணிகப் பக்கத்தில் பங்கு ஏறியது, இறங்கியது என்று படிக்கிற ஊரில் இப்படி எழுதினால் யாருக்கு என்ன விளங்கும்? ‘ரோல்’ என்பது நாடகக்காரருக்கு அவர் பேச வேண்டிய வசனத்தை எழுதிக் கொடுத்த சுருளின் பெயர். சுருள் பாத்திரத்துக்குப் பெயரானது. 1974இல் ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்ற மேசை ஆட்டம் வந்ததிலிருந்து ஆடுகிறவர் ஒரு பாத்திரத்தை ஏற்றுக்கொள்வதுதான் இந்த வகையின் உயிர். ‘இந்தப் பாத்திரத்தை ஏற்று நடித்தார்’ என்று சினிமாத் தமிழ் எத்தனை காலமாகச் சொல்லிவருகிறது! ‘பாத்திரமேற்பு ஆட்டம்’ என்றால் முடிந்தது. ‘வேடம்’ கூத்தில் உயர்ந்த சொல்தான், ஆனால் ‘வேஷம் போடாதே’ என்ற வசவு அதன் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. ‘ஃபைனல் ஃபேண்டஸி’ போன்ற ஜப்பானிய ஆட்டங்களில் பாத்திரத்தை வார்த்தே கொடுக்கிறார்கள். 2019இன் ‘டிஸ்கோ எலீசியம்’ மாதிரியானவற்றில் யாராக இருப்பது என்பதையே நாம் முடிவுசெய்கிறோம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், என்றாலும் ‘பாத்திரமேற்பு’ இரண்டுக்கும் பொருந்துகிறது.

அடுத்து, டிவியோடு இணைத்து ஆடும் ‘கன்சோல்’. அவர் எழுதியது ‘விளையாட்டுப் பணியகம்’. இயந்திர மொழிபெயர்ப்பும் இதையே துப்புகிறது. பணியகம் என்றால் தமிழில் அலுவலகம். இலங்கையில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் என்று அரசு நிறுவனமே இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஒருவர் ‘விளையாட்டுப் பணியகம் வாங்கினேன்’ என்று படித்தால் என்ன நினைப்பார்? ‘கன்சோல்’ பிரெஞ்சுக் கட்டடக்கலையில் சுவரிலிருந்து நீண்டு பாரம் தாங்கும் தாங்கி. பிறகு ஆர்கன் வாசிப்பவர் உட்காரும் விசைப்பலகை மேசை. பிறகு தரையில் நிற்கும் ரேடியோப் பெட்டி, இயந்திரங்களை இயக்கும் மேசை. இந்தப் பயணத்தில் அலுவலகம் எங்கும் இல்லை. பேச்சில் கன்சோல் என்றே சொல்லலாம், எல்லோருக்கும் தெரியும். தமிழில்தான் வேண்டும் என்றால் ‘ஆட்டப்பெட்டி’. பாட்டுப்பெட்டியும் ரேடியோப் பெட்டியும் பார்த்த நாக்குக்கு அது தானாக வரும். 1990களில் பர்மா பஜாரில் வாங்கிவந்து, ‘கேசட்’டை ஊதிச் செருகி ஆடிய ஜப்பானியப் பெட்டிகளின் நகல்களை நாங்கள் ‘டிவி கேம்’ என்றோம், எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ‘அந்தப் பொட்டி’ என்றார்கள். மொழிபெயர்ப்பாளர் அந்தப் பெரியவர்களில் ஒருவரைக் கேட்டிருந்தாலே பாதி வேலை முடிந்திருக்கும்.