சட்டமே தறியானால்

சுவரில் மாட்டும் போட்டோ சட்டத்துக்குப் பெரிய வேலை எதுவும் கிடையாது. கண்ணாடியின் எடையைத் தாங்க வேண்டும், நான்கு மூலையும் விலகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். தறியின் பாடு அப்படி இல்லை. பாவு (நீளவாக்கில் ஓடும் நூல்கள்) கட்டிய நிமிடத்திலிருந்து அதன் மேற்கட்டையையும் கீழ்க்கட்டையையும் நூல்கள் ஒன்றையொன்று நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். இந்த இரண்டையும் ஒரே பொருளாகச் செய்ய முடியுமா? சட்டத்துக்குள்ளேயே நெய்து, நெய்ததை அறுத்து எடுக்காமல் அப்படியே கூடத்தில் மாட்டிவிடலாமா? முடியும். ஆனால் கடையில் வாங்கிய சட்டத்தில் ஆணி அடித்து நூல் கட்டினால் நடக்காது. காரணத்தைத் தேடிப் போனால் கொஞ்சம் இயந்திரவியல் வருகிறது. நீலகிரியில் குடியிருப்பவர்களுக்கு அதோடு மழையும் சேர்ந்து வருகிறது.

முதலில் அளவு. உள்ளே 30 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். அரை செ.மீ.க்கு ஒரு பாவு நூல் என்றால் மொத்தம் 60 நூல். ஒரு நூலில் 200 கிராம் எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு விறைப்பு வருமோ அவ்வளவு விறைப்பு இருந்தால் நெய்யச் சுகமாக இருக்கும். அறுபதையும் கூட்டினால் 12 கிலோ. இந்த 12 கிலோ இழுப்பு, நெய்து மாட்டிய பிறகும் வருடக்கணக்கில் அந்தச் சட்டத்தில் இருக்கப்போகிறது.

இழுப்பு வந்தால் கட்டை வளையும். 20 மி.மீ. சதுரக் கட்டையை மேலே வைத்தால் நடுவில் சுமார் 0.3 மி.மீ. வளைகிறது. கீழ்க்கட்டையும் அதே அளவு மேல்நோக்கி வளையும். கேட்கும்போது இது ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். ஆனால் நடுவில் இருக்கும் நூல்கள் மட்டும் அரை மில்லிமீட்டருக்கு மேல் தளர்ந்துவிடும், ஓர நூல்கள் விறைப்பாகவே நிற்கும். நெய்யும்போது குறுக்கே ஓடும் ஊடை நூல் நடுவில் ஒரு மாதிரியும் ஓரத்தில் வேறு மாதிரியும் உட்காருவதற்கு இது போதும். இதற்குத் தீர்வு தடித்த கட்டை அல்ல, இழுக்கும் திசையில் அகலமான கட்டை. ஒரு கட்டையின் வளையாத்தன்மை அந்தத் திசை அளவின் மும்மடியைப் பொறுத்தது. அதாவது 20 மி.மீ.ஐ 40 ஆக்கினால் வளைவு எட்டில் ஒரு பங்காகிவிடும். இங்கே நமக்கு ஓர் அதிர்ஷ்டம் இருக்கிறது. போட்டோ சட்டத்தில் அகலமான பக்கம்தான் பார்ப்பவரை நோக்கி இருக்கும், அந்த அகலம் சரியாகப் பாவு இழுக்கும் திசையிலேயே கிடக்கிறது. அழகுக்காக வைத்த அகலம் பலத்துக்கும் உதவுகிறது.

அதிர்ஷ்டம் அத்தோடு சரி. மூலைக்கு வந்தால் அழகும் பலமும் சண்டை போடுகின்றன.

சட்டக் கடைகளில் மூலையை 45 டிகிரியில் வெட்டி ஒட்டி, பின்னால் ஒரு பின் அடிப்பார்கள். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் பாவு மேற்கட்டையைக் கீழே இழுக்கும்போது, அந்தச் சாய்ந்த முகம் ஆப்பாக மாறிப் பக்கக் கட்டையை வெளிப்புறமாகத் தள்ளும். அந்தத் தள்ளலை எதிர்த்து நிற்பது வெறும் பசையும் அந்தச் சின்னப் பின்னும்தான். மரத்தின் வெட்டுமுனை பசையைக் குடித்துவிடும் என்பதால் அந்த ஒட்டும் பலவீனமானது. தறிக்கு வேண்டியது வேறு மாதிரி மூலை. மேற்கட்டை பக்கக் கட்டைகளின் தலையில் நேராக உட்கார வேண்டும். அப்போது 12 கிலோவும் பக்கக் கட்டைகளின் நீளவாக்கில் இறங்கும். நார் ஓடும் திசையில் அழுத்தினால் மரம் அசையாது. ஒன்றில் துளை, மற்றதில் அதற்குள் நுழையும் நாக்கு என்று செய்வது உத்தமம். அவ்வளவு உளி வேலை வேண்டாம் என்பவர்கள் இரண்டு கட்டையிலும் பாதிப் பாதி வெட்டி ஒன்றின் மேல் ஒன்றை உட்கார வைக்கலாம். ஒட்டிய பிறகு மூலைவிட்டம் இரண்டையும் டேப் வைத்து அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் மூலைகள் செங்கோணம். பசை காய்வதற்குள் இதைச் செய்யாவிட்டால் அப்புறம் செய்து பயனில்லை.

45 டிகிரி மூலையில் இன்னொரு வம்பும் உண்டு. மலையில் வேலை செய்யும் ஆசாரிகள் அதை வேறு வார்த்தையில் சொல்வார்கள்: "மழைக்கு வாய் திறக்கும்." மரம் காற்றிலிருக்கும் ஈரத்துக்கு ஏற்ப நீரை உறிஞ்சும், விடும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருந்தால் மரத்தில் எடைக்கு 9 சதவீதம் அளவுக்கு நீர் நிற்கும். ஈரப்பதம் 90 சதவீதமானால் அது 20 சதவீதத்தைத் தொடும். பிப்ரவரியின் காய்ந்த காற்றையும் அப்புறம் நாள்கணக்கில் மேகத்துக்குள் கிடக்கும் மழைக்காலத்தையும் ஒரே வருடத்தில் பார்க்கும் ஊர் இது. கூடலூர், தேவாலா பக்கம் தென்மேற்குப் பருவமழையிலும், குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்கிலும் அந்த ஈரம் வருகிறது. எங்கே இருந்தாலும் தப்ப முடியாது.

ஆனால் மரம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி உப்புவதில்லை. நாரின் நீளத்தில் கிட்டத்தட்ட மாறாது. குறுக்கே மட்டும்தான் உப்பும், சுருங்கும். 40 மி.மீ. அகலத் தேக்குக் கட்டை கோடைக்கும் மழைக்கும் நடுவில் அரை மில்லிமீட்டர் அளவு அகலம் மாறலாம். நீளம் அப்படியே, அகலம் மட்டும் கூடினால் 45 டிகிரி என்று வெட்டிய கோணம் 45 ஆக இருக்காது. மழையில் உப்பினால் மூலையின் வெளிமுனை திறக்கும், வெயிலில் சுருங்கினால் உள்முனை திறக்கும். நேராக உட்காரும் மூலையில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

மரத் தேர்வும் இதோடு சேர்ந்ததுதான். ஊரில் கற்பூர மரம் என்று சொல்லும் யூகலிப்டஸ் மலிவாகக் கிடைக்கும். ஆனால் தேக்கைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் சுருங்கும், முறுக்கிக்கொள்ளவும் செய்யும். தறிக்கு அதை நான் தொடமாட்டேன். தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நட்டிருக்கும் சில்வர் ஓக் நல்ல நடுவழி. நன்றாகக் காய்ந்த பலகையாகப் பார்த்து வாங்கினால் இழைப்பதும் சுலபம், நாரின் புள்ளிக்கோலம் பார்க்கவும் அழகு. அதன் தூசி சிலருக்குத் தோலில் அரிப்பு உண்டாக்கும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு தேய்ப்பது நல்லது.

பாவுக்குப் பல புரி முறுக்கிய பருத்தி நூல், ஊடைக்குக் கம்பளி. இந்தப் பிரிவினைக்குக் காரணம் இருக்கிறது. கம்பளி நன்றாக நீளும். பாவாகக் கட்டினால் நாள் போகப்போகத் தளர்ந்துகொண்டே இருக்கும். பருத்தி அவ்வளவு நீளாது, நனைந்தால் பலம் கூடவும் செய்யும். ஊடையாக வரும்போது கம்பளியின் நெளிவு இடைவெளியை நிரப்பிப் பாவை மறைத்துவிடும். நுண்மையான கம்பளி தரும் நீலகிரிச் செம்மறி இனத்தை உதகை அருகே சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் வளர்க்கிறார்கள். கம்பளிக்கு அந்நியமான மலை இல்லை இது.

இனி நெசவின் இதயத்துக்கு வருவோம். ஒன்றுவிட்டு ஒன்றாகப் பாவு நூல்களைத் தூக்கி, நடுவில் திறக்கும் வழியில் ஊடையைச் செலுத்த வேண்டும். பெரிய தறியில் மிதியை அழுத்தினால் விழுது இந்த வேலையைச் செய்யும். நம் சட்டத்தில் மிதி கிடையாது. ஒரு தட்டைக் குச்சியை ஒன்றுவிட்டு ஒன்றாக நூல்களுக்கு நடுவே செருகி வைக்கலாம். அதைக் குத்துவாக்கில் திருப்பினால் ஒரு வழி திறக்கும். மற்ற முப்பது நூலுக்கும் தனித்தனி நூல்வளையம் கட்டி, வளையங்களை எல்லாம் ஓர் உருண்டைக் கம்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கம்பை இழுத்தால் அடுத்த வழி. அந்த வளையங்கள்தான் இங்கே விழுது.

இந்த இடத்தில் சின்னத் தறி பெரிய தறியைவிடக் கடுமையாக நடந்துகொள்ளும். காரணம் பள்ளிக்கூடத்துப் பித்தாகரஸ். நெய்த விளிம்பிலிருந்து மேலே 40 செ.மீ. பாவு திறந்து கிடக்கிறது, அதன் நடுவை 2 செ.மீ. தூக்குகிறோம். நூல் இப்போது முக்கோணத்தின் இரண்டு பக்கமாகப் போக வேண்டும். கணக்குப் போட்டால் 2 மி.மீ. கூடுதல் நீளம் தேவை. அதே தூக்கலை 2 மீட்டர் பாவு திறந்து கிடக்கும் தறியில் செய்தால் கூடுதல் தேவை 0.4 மி.மீ. மட்டும், அதுவும் ஐந்து மடங்கு நீளமான நூலில் பகிர்ந்துகொள்ளப்படும். ஆக நம் சட்டத்து நூலின் மேல் விழும் இழுவை விகிதம் இருபத்தைந்து மடங்கு. நெய்துகொண்டே மேலே போகப்போக நிலைமை இன்னும் மோசமாகும். கடைசி 10 செ.மீ.யில் அதே 2 செ.மீ. தூக்க, கிட்டத்தட்ட 8 மி.மீ. கூடுதலாகக் கேட்கும். கொடுக்க நூலிடம் ஏது? தூக்கவே வராது, பலவந்தம் செய்தால் அறும்.

ஆகவே கடைசி ஒரு சாணில் விழுதையும் குச்சியையும் உருவிவிட்டு மொட்டை முனை ஊசியால் ஒவ்வொரு நூலாக மேலும் கீழும் கோத்துப் போக வேண்டியதுதான். வேறு வழி இல்லை. ஊசிக்கும் இங்கே பஞ்சமில்லை, கேத்தி அருகே எல்லநள்ளியில் 1949 முதல் ஊசித் தொழிற்சாலையே இருக்கிறது.

தொல்லை கொடுத்த அதே முக்கோணம் ஊடையில் உதவிக்கு வருகிறது. ஊடை நேராகப் போவதில்லை, அறுபது நூலையும் மேலும் கீழும் சுற்றி நெளிந்து போகிறது. 30 செ.மீ. அகலத்தைக் கடக்க 30 செ.மீ. ஊடை போதாது. நேராக இழுத்து அடித்தால், குறைந்த நீளத்தை ஓர நூல்களிடமிருந்து பிடுங்கும். துணி இடுப்பு ஒடுங்கிப்போகும். புதிதாக நெய்பவர்களின் துணி நடுவில் குறுகுவது பெரும்பாலும் இதனால்தான். வழி என்ன? ஊடையை மலைமுகடு மாதிரி நடுவில் 5 செ.மீ. உயர்த்திப் போட்டு, பிறகு சீப்பால் அடித்து இறக்க வேண்டும். அந்த உயரத்தில் 1.6 செ.மீ. கூடுதல் நூல் உள்ளே வந்துவிடுகிறது, அதாவது ஐந்து சதவீதம். கம்பளி தடியாக இருந்தால் முகட்டை இன்னும் கொஞ்சம் உயர்த்தலாம். ஓரம் உள்ளே வருகிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்துக்கொண்டே போனால் கை தானாகப் பழகும்.

சரி, நூலை எங்கே மாட்டுவது? ஆணி என்றால் முன்னால் தெரியும். அரை செ.மீ. இடைவெளியில் ஒரே நேர்கோட்டில் அறுபது ஆணி அடித்தால் கட்டை நாரோடு பிளக்கும். எனக்குப் பிடித்த ஏற்பாடு இது. சட்டத்தின் பின்பக்கம் கண்ணாடி உட்காருவதற்குப் படிக்கட்டு மாதிரி வெட்டிய ஒரு படி இருக்கும் அல்லவா, அதைக் கொஞ்சம் ஆழமாக எடுக்க வேண்டும். கீழ்க்கட்டையின் படியில் ரம்பத்தால் சிறு பல் வெட்டி உப்புத்தாளால் முனை மழுக்க வேண்டும். மேலே பல் வேண்டாம். படிக்குள் ஒளிந்து நிற்கும் 10 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பி ஒன்றை மேற்கட்டை வழியாக வரும் இரண்டு எம் 6 (6 மி.மீ.) போல்ட்டில் தொங்கவிடலாம். சாதாரண இரும்பு வேண்டாம், இந்த ஈரத்தில் துரு பிடித்துப் பாவில் கறை ஏறும். ஒரே நூலைப் பல்லில் மாட்டிக் கம்பியைச் சுற்றி, திரும்பப் பல்லுக்கு வந்து என்று ஓட்டிக்கொண்டு போனால், வழவழப்பான கம்பியில் நூல் நழுவி விறைப்பைத் தானே ஓரளவு சமப்படுத்திக்கொள்ளும். போல்ட்டுகளைக் கம்பியின் இரு கோடியில் வைக்காமல் ஐந்தில் ஒரு பங்கு உள்ளே தள்ளி வைத்தால் கம்பி மிகக் குறைவாகவே வளையும்.

இந்த ஏற்பாட்டில் நெய்வது பின்பக்கமிருந்து. முன்பக்கச் சட்டவிளிம்பு கைக்கும் சீப்புக்கும் இடைஞ்சலாக இருக்கும் என்பதால் கவிழ்த்து வைத்து வேலை செய்ய வேண்டும். கேட்க வினோதமாக இருந்தாலும் பாரிஸின் கோபெலன் பட்டறையில் சித்திரத் திரை நெய்பவர்கள் இப்படித்தான் பின்னாலிருந்து நெய்து, முன்பக்கத்தைக் கண்ணாடியில் பார்க்கிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? 2013இல் புவிசார் குறியீடு பெற்ற தோடர் பூத்தையலிலும், வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக ஓடும் கோலத்தைப் பெண்கள் துணியின் பின்பக்கமிருந்துதான் போடுகிறார்கள். வரைந்துகொள்வதில்லை, பாவையும் ஊடையையும் விரலால் எண்ணியே போகிறார்கள். பின்னாலிருந்து வேலை செய்யும்போது கோலத்தைக் கண்ணாலல்ல, எண்ணிக்கையால் பிடிக்க வேண்டும். நம் சின்னச் சட்டத்திலும் கட்டம் போட்ட நோட்டில் இடவலம் மாற்றி வரைந்து வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

எம் 6 போல்ட்டைச் சொன்னதற்குக் காரணம், அதன் நட்டை ஒரு முழுச் சுற்று சுற்றினால் சரியாக 1 மி.மீ. ஏறும். பாவின் நீளத்தில் அது 0.2 சதவீதம். விறைப்பைக் கைக்கணக்கில் அல்லாமல் சுற்றுக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம். நெய்து முடித்து மாட்டிய பிறகும் இது வேண்டும். முறுக்கிய பருத்தி ஈரம் குடித்தால் இழைகள் குறுக்கே உப்பும். உப்பிய இழையைச் சுற்றிவர முறுக்குக்கு அதிக நீளம் தேவைப்படுவதால் நூல் மொத்தத்தில் குட்டையாகும். பக்கக் கட்டைகளோ நீளத்தில் மாறாதவை. ஆக மழைக்காலத்தில் பாவு தானாகவே இறுகும், சட்டத்தின் மேல் பாரம் கூடும். மழை பிடித்ததும் நட்டை அரைச் சுற்று தளர்த்தி, தை மாதத்துக்கு மேல் திரும்ப ஏற்றிக்கொள்ள வேண்டும்.

மாட்டும்போது மேற்கட்டையின் நடுவில் கொக்கி போட வேண்டாம், பக்கக் கட்டைகளின் பின்னால் ஆளுக்கு ஒன்று. கீழ் மூலைகளில் ஒரு செ.மீ. உயர ரப்பர் குமிழ் இரண்டு ஒட்டி, மேலேயும் அதே இடைவெளி வருமாறு கொக்கியை நீட்டி வைத்தால் சுவருக்கும் நெசவுக்கும் நடுவில் காற்று ஓடும். கருங்கல் சுவர் வீடுகளில் வெளிச்சுவரைவிட உள்சுவரே நல்லது. அங்கே பூஞ்சணம் அவ்வளவு சீக்கிரம் ஏறாது.