ஐந்தாயிரம் மட்டுமே: மந்தகாலத்து வெள்ளி அரை டாலர்கள்

மறைந்தவர்களின் உடைமைகளுக்கு மதிப்புப் போடுவது என் தொழில். அமெரிக்கக் குடும்பங்கள் என் மேசையில் கொண்டுவந்து வைக்கும் பழைய நினைவு நாணயங்களோடு பெரும்பாலும் ஒரு நம்பிக்கையும் கூடவே வருகிறது: குறைவாக அச்சடித்தது என்றால் விலை கூடத்தான் இருக்கும் என்பது. அந்த நம்பிக்கையை வளர்த்துவிட்டவர்கள் 1930களின் பொருளாதார மந்தகாலத்து விற்பனையாளர்கள்.

அன்றைய நடைமுறை எளிமையானது. ஒரு நகரமோ விழாக் குழுவோ நாடாளுமன்றத்தில் சட்டம் ஒன்றை நிறைவேற்றிக்கொள்ளும். நாணயச் சாலையிலிருந்து 50 சென்ட் முகமதிப்பில் நாணயங்களை வாங்கி, தான் விரும்பிய விலைக்கு விற்கும். 1936இல் சின்சினாட்டி நகருக்காக வெளிவந்த அரை டாலர் இதன் உச்சம். நாணய சேகரிப்பாளரும் தொழிலதிபருமான தாமஸ் மெலிஷின் முயற்சியால் பிறந்த அந்த நாணயம், நகரம் இசை மையமாகி 50 ஆண்டுகள் ஆனதைக் கொண்டாடுவதாகச் சொன்னது. ஆனால் 1886இல் அப்படிக் கொண்டாடத்தக்க எதுவும் அங்கே நடந்திருக்கவில்லை. முகப்பில் இருக்கும் பாடலாசிரியர் ஸ்டீபன் ஃபாஸ்டரோ சின்சினாட்டியில் தம் அண்ணனின் நிறுவனத்தில் கணக்கெழுதிய சில ஆண்டுகளோடு ஊரை விட்டுப் போனவர், 1864இலேயே இறந்துவிட்டார். பிலடெல்பியா, டென்வர், சான் பிரான்சிஸ்கோ ஆகிய மூன்று நாணயச் சாலைகளிலும் 5,000 வீதம் அச்சடித்து, மூன்று நாணயத் தொகுதி ஒன்றை 7.75 டாலருக்கு விற்றார்கள். முகமதிப்போ ஒன்றரை டாலர்தான்.

அன்றைய வீட்டுக் கணக்கில் 7.75 டாலர் எவ்வளவு பெரிது என்பதை இன்று உணர்வது கடினம். 1933இல் நான்கு தொழிலாளர்களில் ஏறத்தாழ ஒருவருக்கு வேலை இல்லை. அரசின் வனப்பணி முகாம்களில் மரம் நட்ட இளைஞனுக்கு மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் வீட்டுக்குப் போய்விடும். 1938இல் முதன்முதலாக நாடு முழுவதற்கும் குறைந்தபட்சக் கூலி வந்தபோதுகூட அது மணிக்கு 25 சென்ட்தான். அந்தக் கூலியில் 31 மணி நேரம் உழைத்தால்தான் இந்தத் தொகுதி கையில் கிடைக்கும்.

ஒரே வடிவத்தில் சிறு மாற்றம் செய்து 'புதிய' அரிய நாணயம் உண்டாக்கும் வித்தையும் அப்போது இருந்தது. அமெரிக்க எல்லைப்புற முன்னோடி டேனியல் பூனின் பெயரிலான அரை டாலரில் '1934' என்று சிறிதாகச் சேர்த்து, 1935இல் இரு நாணயச் சாலைகளில் ஏறத்தாழ 2,000 வீதம் அடித்தது அதற்குச் சான்று. பழைய அனுமதிகளின் பேரில் ஆண்டுதோறும் அச்சடித்துக்கொண்டே போவதை 1939ஆம் ஆண்டுச் சட்டம் நிறுத்தியது. சேகரிப்பாளர்கள் அதற்குள் போதுமான அளவு சலித்துவிட்டிருந்தார்கள்.

சென்ற குளிர்காலத்தில் ஒரு பெண்மணி தம் மாமனார் வைத்திருந்த சின்சினாட்டித் தொகுதியைக் கொண்டுவந்தார். மூன்றும் புத்தம் புதிதாக மின்னின. எனக்குச் சந்தேகம் வந்தது அதனால்தான். தொடப்படாத வெள்ளி நாணயத்தை விளக்கின் கீழ் சாய்த்தால் ஒளி சக்கரத்தின் ஆரக்கால்களைப் போலச் சுழல வேண்டும். இவற்றிலோ தட்டையான பளபளப்பே இருந்தது. லென்ஸில் பார்த்தபோது ஃபாஸ்டரின் கன்னத்தின் குறுக்கே மயிரிழைக் கீறல்கள் வரிசையாக ஓடின. பூஜைச் சாமான் துலக்குவது போல, யாரோ அன்போடு பற்பசை போட்டுத் துலக்கியிருக்கிறார்கள். கருத்துப்போன நாணயத்தைக் கருத்தபடியே கொண்டுவாருங்கள் என்று நான் சொல்லிச் சலிக்காத நாளில்லை. அழுக்கென்று நினைக்கும் அந்தப் படலம் பெரும்பாலும் வெள்ளியின் மேல் இயல்பாக ஏறிய நிறம்தான். அதைத் தேய்த்தெடுத்தால் விலையும் கூடவே போய்விடுகிறது. எண்ணிக்கை ஐந்தாயிரமோ இரண்டாயிரமோ, வாங்குபவர் முதலில் பார்ப்பது மேற்பரப்பைத்தான்.

அதே பெட்டியின் அடியில், எதற்கும் உதவாதது என்று அவர் ஒதுக்கிய ஓர் அரை டாலர் கிடந்தது. 1893ஆம் ஆண்டுக் கொலம்பஸ் நாணயம். சிகாகோ பொருட்காட்சிக்காக அச்சடித்து, ஒரு டாலருக்கு விற்று, மீந்ததில் ஒரு பகுதியை முகமதிப்பிலேயே புழக்கத்தில் விட்டது. பின்புறக் கப்பலின் பாய்கள் மழுங்கியிருந்தன. 12.5 கிராம் இருக்க வேண்டிய நாணயம் என் தராசில் 11.9 காட்டியது. கடைகளிலும் சட்டைப்பைகளிலும் தேய்ந்துபோனது அந்த அரை கிராமுக்கு மேற்பட்ட வெள்ளி. 1932இன் இறுதியில் அவுன்ஸ் வெள்ளி ஏறத்தாழ 25 சென்டுக்கு விழுந்திருந்ததால், இந்த நாணயத்தில் இருந்த உலோகம் அன்று ஒன்பது சென்டுக்கு மேல் பெறாது. ஆனால் ரொட்டிக்கடைக்காரர் ஐம்பது சென்ட் என்றே அதை வாங்கிப் போட்டிருப்பார். மதிப்பீட்டுத் தாளில் அதற்கு எதிரே வெள்ளி விலையை ஒட்டிய தொகையை எழுதினேன்.