பம்ப் ஸ்டொப்பருக்குள் இருக்கும் குமிழ்கள்

மஸ்கெலியாப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தன் பழைய வேகன் ஆருக்கு முன்பக்க ஷொக் அப்சோபர் மாற்றக் கழற்றினால், உள்ளே இருந்த பம்ப் ஸ்டொப்பர் தொட்டதுமே தூளாக உதிர்ந்துவிட்டதாம். "கட்டி றப்பரில் ஒன்று போட்டுவிடுவோம், ஆயுசுக்கும் கிடக்கும்" என்கிறாராம் கராஜ் பாஸ். போடலாமா?

வேண்டாம்.

பள்ளத்தில் விழுந்த சில்லு மேலே ஏறும்போது ஸ்பிரிங் அமுங்கும், ஷொக் அப்சோபர் அந்த ஆட்டத்தை அடக்கும். இதெல்லாம் தெரிந்ததுதான். ஸ்பிரிங் அமுங்குவதற்கும் ஒரு எல்லை உண்டு. அந்த எல்லையில் இரும்பும் இரும்பும் மோதாமல் நடுவில் நிற்பதுதான் பம்ப் ஸ்டொப்பர். பெரும்பாலான கார்களில் அது ஷொக் அப்சோபரின் தண்டில் கோத்து, தூசி உறைக்குள் மறைந்திருக்கும்.

சின்னக் கணக்கு ஒன்று. காரின் ஒரு மூலையில் 250 கிலோ இருக்கிறது, அது விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் இறங்கி வருகிறது என்று வைப்போம். அதன் இயக்கச் சக்தி 125 யூல். அதை 5 மில்லிமீட்டருக்குள் நிறுத்தினால் சராசரி விசை 25,000 நியூற்றன், ஏறத்தாழ இரண்டரைத் தொன் பாரம். 40 மில்லிமீட்டருக்குள் நிறுத்தினால் வெறும் 3,125 நியூற்றன், முந்நூற்றுச் சொச்சம் கிலோ. கட்டி றப்பர் முதல் வகை. அந்த இரண்டரைத் தொன்னும் ஷொக் மவுண்டிலும் பொடியின் வெல்டிங்கிலும்தான் போய் இறங்கும்.

றப்பர் மென்மையானதுதானே என்று கேட்கலாம். ஆனால் கட்டி றப்பரின் கனவளவு அனேகமாக மாறவே மாறாது. மேலிருந்து அமுக்கினால் பக்கவாட்டில் பிதுங்கித்தான் ஆக வேண்டும். பிதுங்க இடமில்லாத கிண்ணத்துக்குள் வைத்தால் அது அசையாது.

தொழிற்சாலையிலிருந்து வரும் ஸ்டொப்பர் பெரும்பாலும் பொலியூரத்தேன் நுரை. குறுக்கே வெட்டிப் பார்த்தால் உள்ளே முழுக்கக் குமிழ்கள், ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய சுவர். அமுக்கத் தொடங்கும்போது பொருள் நசுங்குவதில்லை, இந்தச் சுவர்கள் வளைகின்றன. மெல்லிய சுவரை வளைப்பது சுலபம் என்பதால் நுனியை விரலாலேயே அமுக்கலாம். இன்னும் அமுக்கினால் சுவர்கள் மடிந்து குமிழ்கள் சரியத் தொடங்கும். இந்தக் கட்டத்தில் விசை கொஞ்சமாகத்தான் கூடும், தூரமோ தாராளமாகக் கிடைக்கும். கடைசியில் மடிவதற்குக் குமிழ் மிச்சமில்லாமல் சுவரும் சுவரும் தொட்டதும், நுரை திடப்பொருளாகிவிடுகிறது. அதற்கப்புறம் விசை செங்குத்தாக எகிறும். ஆக ஒரே துண்டே முதலில் மென்மையான ஸ்பிரிங்காகவும் கடைசியில் தடுப்பாகவும் வேலை செய்கிறது. போக இடம் உள்ளேயே இருப்பதால் பக்கவாட்டில் அதிகம் பிதுங்காது. உயரத்தில் பாதிக்கு மேல் நசுங்கி, விட்டதும் எழுந்துவிடும். மேலே தெரியும் இடுப்பு ஒடுங்கிய அடுக்குகளும் அழகுக்கு அல்ல. எந்த அடுக்கு முதலில் மடிய வேண்டும் என்பதை அவைதான் தீர்மானிக்கின்றன. சென்சர் இல்லை, கணினி இல்லை, காற்றும் பிளாஸ்டிக்கும் மட்டும்! காரில் இதைவிட அழகான உதிரிப்பாகம் எனக்குத் தெரிந்து இல்லை.

மலைநாட்டில் இது சொகுசு விஷயம் மட்டுமல்ல. நுவரெலியாவிலிருந்து ரம்பொடைப் பக்கமாக இறங்கும்போது பிரேக்கில் கால் வைத்தபடியே வளைக்கிறோம். பாரம் முன்னுக்கும் வெளிப்பக்கத்துக்கும் சாய்கிறது. வெளிப்பக்க முன்சில்லின் ஸ்டொப்பர் அநேகமாக அப்போதே தொட்டுக்கொண்டிருக்கும். நுரையென்றால் பாரம் படிப்படியாக ஏறும். கட்டி றப்பரென்றால் ஒரே அடியாக அந்த ஒரு டயரில் குவியும். பாரம் இரட்டித்தாலும் டயரின் பிடி இரட்டிப்பதில்லை. ஈர ரோட்டில் முன்பக்கம் வளையாமல் வெளியே நழுவும். பின்பக்கத்தில் இதே நடந்தால் வால் சுழலும். பின்னால் கரட், லீக்ஸ் மூட்டை ஏற்றுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பழத்தை வாராவாரம் தவறாமல் மாற்றுகிறவர் சில்லுக்குள் ஒரு தடவையாவது டோர்ச் அடித்துப் பார்க்க மாட்டேன் என்கிறாரே, அதில்தான் கோபம்.

சரி, நுரை ஏன் தூளாகிறது? பொலியூரத்தேனில் எஸ்டர் வகை, ஈதர் வகை என்று உண்டு. எஸ்டர் பிணைப்புகளை நீர் மெதுவாக வெட்டும். வெட்டும்போது உண்டாகும் அமிலம் அடுத்த வெட்டை இன்னும் வேகப்படுத்தும். அலுமாரியில் பத்திரப்படுத்திய சப்பாத்தின் அடி கல்யாண வீட்டில் பிய்ந்து விழுவதும் இதே இரசாயனம்தான். எனவே ஓடாமல் நிற்கிற காரிலும் இது நடக்கும். வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது, ஈரத்துக்குப் பஞ்சமில்லை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025இல்தான் திறந்தது. அதுவரை பழைய கார்களையே ஓட்டினோம், பழைய ஸ்டொப்பர்களோடு.

1876இல் ஹெனரத்கொடையில் றப்பர் கன்று நட்ட நாடு இது. அகலவத்தையில் றப்பர் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. நம் ஈரத்துக்கும் தோட்டத்து ரோட்டுக்கும் ஏற்ற ஸ்டொப்பரை நாமே வடிக்கலாம். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.2 வீதம்கூட ஆராய்ச்சிக்குச் செலவழிக்காத நாட்டில் யாரிடம் போய்க் கேட்பது?

வாங்கும்போது நீளம்தான் முதலில். பழையது உதிர்ந்துவிட்டால் அளக்க முடியாது, சேசி இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள். துளை தண்டின் தடிப்புக்குப் பொருந்த வேண்டும். நீளமாக இருக்கிறதென்று நுனியை வெட்ட விடாதீர்கள், மென்மையான ஆரம்பம் அங்கேதான் இருக்கிறது. இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் வீட்டில் கழற்றவே வேண்டாம், கை போய்விடும். லொறிகளிலும் லீஃப் ஸ்பிரிங் வைத்த பழைய வான்களிலும் கட்டி றப்பர்தான் மூலவடிவமே, அங்கே பாஸ் சொல்வது சரி.

பொருத்தியதும், தண்டில் ஒரு கேபிள் டையைச் சுற்றிச் சிலிண்டரின் வாய்வரை இறக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள். சிலிண்டர் எவ்வளவு தூரம் ஏறியதோ அந்த உயரத்தில் டை நின்றுவிடும். தோட்டத்து ரோட்டில் அது ஸ்டொப்பரைத் தொட்டால் பிழையில்லை. தனியாக, நல்ல தார் ரோட்டில் ஓட்டியும் ஸ்டொப்பரோடு அழுந்திக் கிடந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம், முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.