சுப்பாராவின் எச்-இன்டெக்ஸ் என்ன?

பிஎச்.டி. சேரப்போகும் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: “ஒரு பேராசிரியருக்கு எச்-இன்டெக்ஸ் 38, இன்னொருவருக்கு 21. பேசாமல் 38 உள்ளவரிடமே சேர்ந்துவிடவா?” ஜாதகத்தை நீட்டிப் பத்துப் பொருத்தம் கேட்பது போலத்தான் இருக்கிறது. சரி, கணக்கைப் பார்ப்போம்.

ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பின்னால் வரும் கட்டுரைகள் எத்தனை முறை ஆதாரமாகக் காட்டுகின்றன என்பதுதான் மேற்கோள் எண்ணிக்கை. அதிலிருந்து ஓர் ஆய்வாளருக்கு மதிப்பெண் போடும் எச்-இன்டெக்ஸைக் கணக்கிடும் வழியை 2005இல் சொன்னவர் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். ஒருவருடைய 5 கட்டுரைகளுக்கு முறையே 90, 40, 6, 3, 1 மேற்கோள்கள் என்றால், மூன்று கட்டுரைகளுக்குக் குறைந்தது மும்மூன்று இருக்கின்றன. நான்காவதற்கு நான்கு இல்லை. ஆக, எச் = 3. அந்த 90 நாளைக்கே 90,000 ஆனாலும் எச் 3தான். புரதத்தை அளக்க ஆலிவர் லௌரி குழுவினர் 1951இல் எழுதிய கட்டுரை மூன்று லட்சம் மேற்கோள்களைத் தாண்டியது. எச்-இன்டெக்ஸில் அதற்கும் ஒரே ஓர் இடம்தான்.

அளக்கும் முறையைச் சொல்லும் கட்டுரைகளுக்கு ஏன் இவ்வளவு மவுசு? எனக்குப் பிடித்த உதாரணம் உயிர்வேதியியலாளர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, திருவல்லிக்கேணியில் பள்ளி முடித்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து ஹார்வர்டு போனவர். அங்கே சைரஸ் ஃபிஸ்க்குடன் சேர்ந்து, பாஸ்பரஸை நிறத்தால் அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார்.

அந்த முறையின் அழகே தனி. அமிலம் கலந்த மாலிப்டேட் (மாலிப்டினம் என்ற உலோகத்தின் உப்பு) கரைசலில், பாஸ்பரஸ் அடங்கிய பாஸ்பேட் சேர்ந்தால், ஒரு பாஸ்பேட்டைச் சுற்றி 12 மாலிப்டினம் அணுக்கள் கூண்டு கட்டிக்கொள்ளும். அப்புறம் எலெக்ட்ரான் கொடுக்கும் ஒரு பொருளைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். தனியாகத் திரியும் மாலிப்டேட் அதை அநேகமாகச் சட்டை செய்யாது. கூண்டுக்குள் இருக்கும் மாலிப்டினம் மட்டும் வாங்கிக்கொண்டு நீலமாகும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பேட். எம்.எஸ்சி. படிக்கும்போது அந்த நீலம் குழாயில் மெல்ல ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் மதியச் சாப்பாட்டை ஒருநாள் தவறவிட்டிருக்கிறேன்.

தசையிலிருந்து எடுத்த சாற்றை வைத்துப் பார்த்தபோது நீலம் சட்டென்று வந்து நிற்கவில்லை. நேரம் ஆக ஆக ஏறிக்கொண்டே போனது. ‘ஏதோ பிழை’ என்று கொட்டிவிட்டு அடுத்த குழாயை எடுத்திருக்கலாம். இவர்கள் விடவில்லை. அந்த அமிலத்தில் ஏதோ ஒன்று மெதுவாக உடைந்து பாஸ்பேட்டை வெளியே விடுகிறது என்று பிடித்தார்கள். அதுதான் தசை ஆற்றலைச் சேமித்து வைக்கும் பாஸ்போகிரியேட்டின், 1927இல் அறிவித்தார்கள். 1929இல், செல்களுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி. அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாக அதைக் கண்டுபிடித்தார்.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். பாஸ்பேட் அளப்பவர்கள் இன்றும் 1925 கட்டுரையைக் காட்டுகிறார்கள். ஏடிபி பற்றி எழுதுபவர் 1929க்குப் போவது அபூர்வம். அது பிளஸ் டூ பாடத்துக்கே வந்துவிட்டதே, யாராவது ஆதாரம் கேட்பார்களா? இரவல் வாங்கிய கருவிக்கு ரசீது உண்டு, ஊர்ச்சொத்தாகிவிட்ட அறிவுக்குக் கிடையாது.

பதவி உயர்வுக் குழுக்கள் இந்த எண்ணை வைத்தே ஆளை எடைபோடுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத விஷயம். ஒரே ஆய்வை நாலாகக் கூறுபோட்டு நாலு கட்டுரை ஆக்கும் கெட்டிக்காரத்தனம் அதனால்தான் வளர்கிறது. துறைக்குத் துறை, வயதுக்கு வயது எச் மாறும் என்பதும் அங்கே யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. வாசகரே, அந்த 21 உள்ளவரின் ஆய்வகத்துக்கு ஒருநாள் போய், அங்கே ‘பிழை’யான குழாயை என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

சுப்பாராவுக்கு ஹார்வர்டு நிரந்தர வேலை தரவில்லை. 1940இல் லெடர்லி மருந்து நிறுவனத்துக்குப் போனார். அங்கே அவர் தலைமையில் உருவான அமினாப்டெரின் என்ற மருந்தை, பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்குத் தற்காலிகமாகவேனும் நோய் தணிந்தது. 1948 ஜூனில் வந்த அந்தக் கட்டுரையை எழுதியவர்கள் ஐந்து பேர். சுப்பாராவ் பெயர் அதில் இல்லை.