பேச்சு வரவில்லையா? நாக்குக்கு முன்னால் காதைப் பாருங்கள்

பேச்சு வரவில்லை, பேசினாலும் புரியவில்லை என்று எங்களிடம் பிள்ளையைக் கூட்டி வரும் வீடுகளில், பெரும்பாலும் நாக்குக்கு எல்லா வைத்தியமும் முடிந்திருக்கும். வசம்பைச் சுட்டுத் தேய்த்திருப்பார்கள். நாக்கு ஒட்டியிருக்கிறது என்று யாரோ சொல்ல, அடிநாக்குச் சவ்வை வெட்டிவிட்டும் வந்திருப்பார்கள். அந்தச் சவ்வு குட்டையாக இருந்தால் ஒன்றிரண்டு எழுத்துகள் சிக்கலாகலாம். ஆனால் பேச்சே தாமதமாவதற்கு அது காரணமில்லை. காதைப் பரிசோதித்தீர்களா என்று கேட்டால் மட்டும், "காதெல்லாம் நல்லா கேக்கும் மேடம், தட்டைத் தட்டினா திரும்புறான்" என்பார்கள்.

அந்தத் தட்டுச் சத்தத்தை நம்பியே எத்தனையோ பிள்ளைகளுக்கு முக்கியமான வருடங்கள் போய்விடுகின்றன. ஓங்கித் தட்டிய தட்டின் ஓசை சாதாரணப் பேச்சைவிடப் பல மடங்கு பெரிது. அது கேட்டது என்றால் அது கேட்டது, அவ்வளவுதான். பேச்சு கேட்கிறது என்று ஆகாது.

பேச்சு ஒரே சத்தம் இல்லை. நுரையீரலிலிருந்து வரும் காற்று குரல்நாண்களை அதிரவைக்கிறது. அந்த அதிர்வு நிறைந்த உயிரெழுத்துகள் கனமானவை, அவற்றின் வலு பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்கு, அதாவது வினாடிக்கு ஆயிரம் அதிர்வுக்கு, கீழே இருக்கிறது. 'சாப்பாடு' என்பதன் முதல் ஒலியை மட்டும், 'ஸ்ஸ்' என்று இழுத்துச் சொல்லிப் பாருங்கள். தொண்டையில் கை வைத்தால் அதிர்வே இருக்காது. பல்லுக்குப் பின்னால் ஒரு சின்ன இடுக்கில் காற்று சீறுகிறது, அவ்வளவே. அந்தச் சீறல் 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே, மிக மெல்லியதாக இருக்கும். கீழ்ச்சுருதி நன்றாகக் கேட்டு மேல்சுருதி மட்டும் கேட்காத பிள்ளை, பெயர் சொன்னால் திரும்பும், பாட்டுக்கு ஆடும். ஆனால் 'சாப்பாடு' அதன் காதில் 'ஆப்பாடு' என்றுதான் விழும். காதில் விழுந்ததைத்தானே வாய் சொல்லும்?

மூன்று வயதுப் பையன் ஒருவனைப் பரிசோதிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் கேட்டால் கையிலிருக்கும் கட்டையை டப்பாவில் போட வேண்டும் என்று விளையாட்டாகப் பழக்குவோம். அப்புறம் அவனுக்குப் பின்னால், ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து, சாதாரணக் குரலில் ஆறு ஒலிகளை முன்பின் மாற்றிச் சொல்வோம்: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். பேச்சின் அடி முதல் நுனி வரை எல்லாச் சுருதிகளையும் தொடுவதற்காக, காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சுக் கற்பித்த நிபுணர் டேனியல் லிங் தேர்ந்தெடுத்தவை இவை. 'ம்' என்றதும் கட்டை விழுகிறது. ஊ, ஆ, ஈ, எல்லாவற்றுக்கும் விழுகிறது. 'ஷ்' என்றால் கட்டையைத் தூக்கிவிட்டுத் தயங்குகிறான். 'ஸ்' என்றால் சும்மா உட்கார்ந்திருக்கிறான். 'ஈ' என்பதையே திருப்பிச் சொல்லச் சொன்னால் 'ஊ' என்கிறான். இரண்டு எழுத்துகளுக்கும் கீழ்ச்சுருதி ஏறக்குறைய ஒன்றுதான். பிரித்துக் காட்டுவது மேலே இருக்கும் இன்னொரு சுருதி. அது அவனுக்கு எட்டவில்லை. மீனை அவன் 'மூன்' என்று சொல்வது மழலை இல்லை.

பின்னால் உட்கார்வதற்குக் காரணம் இருக்கிறது. நாம் எல்லோருமே கண்ணாலும் கேட்கிறோம். 'க' என்று வாயசைக்கும் முகத்தைக் காட்டிக்கொண்டு 'ப' என்ற ஒலியைக் கொடுத்தால் பலருக்கு 'த' போலக் கேட்கும் என்று 1976-ல் மெக்கர்க், மெக்டொனால்ட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். காது மந்தமான பிள்ளைகள் உதட்டைப் படிப்பதில் கெட்டிக்காரர்கள். அம்மா முகத்தைப் பார்த்தே சொன்னதைச் செய்துவிடுவார்கள். அதனால் வீட்டில் சோதிக்கும்போது முகம் தெரியக் கூடாது, நிழல் விழக் கூடாது, மூச்சுக் காற்று மேலே படக் கூடாது. வீட்டுச் சோதனையில் தேறினால்கூட, பேச்சில் சந்தேகம் இருந்தால் கேட்கும் திறனைப் பரிசோதிக்கும் நிபுணரான ஆடியாலஜிஸ்ட்டைப் பார்த்துவிடுங்கள்.

"குழந்தையாக இருந்தபோது நிறைய சத்தம் போட்டானே" என்பது அடுத்த சமாதானம். காது கேட்காத குழந்தையும் ஆ, ஊ என்று கொஞ்சும். கவனிக்க வேண்டியது 'பாபாபா', 'தாதாதா' என்ற அடுக்கு. கேட்கும் குழந்தைகளுக்கு இது சுமார் 7 முதல் 10 மாதத்துக்குள் வந்துவிடும்; கேட்காதவர்களுக்குத் தள்ளிப்போகும். அதே பருவத்தில் மூளையும் தன் மொழிக்குக் காதைப் பழக்கிக்கொள்கிறது. கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-ல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் 6–8 மாதத்தில் இந்தியின் ட, த வேறுபாட்டை எளிதாகப் பிரித்தறிந்தார்கள். ஒரு வயது நெருங்கும்போது அந்தத் திறன் வெகுவாகக் குறைந்துவிட்டது. முதல் வருடத்திலேயே இவ்வளவு நடக்கிறது என்றால், 'பேசட்டும், பார்க்கலாம்' என்று மூன்று வயது வரை காத்திருப்பதை நான் எப்படி ஏற்பேன்?

பரிசோதனைக்கு வயது போதாது என்ற பேச்சே வேண்டாம். காதுக்குள் மெல்லிய ஒலியை அனுப்பி, உள்காது திருப்பித் தரும் ஒலியைப் பதிவுசெய்யும் ஓ.ஏ.இ. சோதனையைப் பிறந்த மறுநாள், குழந்தை தூங்கும்போதே செய்யலாம், வலிக்காது. அதில் தேறாவிட்டால், ஒலி காது நரம்பு வழியே மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் 'பெரா' சோதனை. முதல் மாதத்துக்குள் ஓ.ஏ.இ., மூன்றாம் மாதத்துக்குள் குறை உறுதி, ஆறாம் மாதத்துக்குள் காது மெஷினும் பயிற்சியும். உலகம் முழுக்கச் சொல்லும் கணக்கு இதுதான். சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. பிறவிக் கேளாமை அந்தக் குடும்பங்களில் கூடுதலாக வருகிறது. அறுவை செய்து உள்காதில் பொருத்தும் கேட்புக் கருவியான காக்ளியர் இம்பிளான்ட் தேவைப்படும் சிறு பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கிறது. ஆனால் அதற்கு வயது வரம்பு உண்டு.

ஒரு ஆறுதலும் சொல்லிவிடுகிறேன். சில பிள்ளைகளுக்கு அடிக்கடி சளி பிடித்துச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருக்கும். வலிக்காது, காதில் பஞ்சு வைத்தது போல மந்தமாகக் கேட்கும். இது பெரும்பாலும் சரியாகக்கூடியது. அதேபோல மூன்று வயதில் 'ர' வராமல் 'ய' என்பதும், 'ழ' திரும்பாததும் இயல்பே. நான்கு வயதுப் பிள்ளை சொல்வது வெளியாட்களுக்கும் புரிய வேண்டும். புரியவில்லை என்றால் வாருங்கள்.

பிறந்தபோது 'பாஸ்' என்று எழுதிக் கொடுத்த சீட்டு ஆயுளுக்கும் செல்லாது. முக்கியமாக, மூளைக்காய்ச்சல் (மெனிஞ்சைடிஸ்) வந்து தேறிய பிள்ளைக்கு டிஸ்சார்ஜ் ஆகும் சமயத்திலேயே காதைப் பரிசோதியுங்கள். சிலருக்கு அந்த நோய்க்குப் பின் உள்காதின் நத்தைக்கூட்டுக்குள் சில வாரங்களிலேயே எலும்பு வளரத் தொடங்கிவிடும். அது அடைத்துக்கொண்டால் இம்பிளான்ட் பொருத்துவது மிகவும் கடினம்.