சுவருக்குள் ஒற்றைச் செருப்பு

இங்கிலாந்தில் பழைய வீட்டின் புகைபோக்கியைப் பிரிக்கும்போது கரி படிந்த செருப்பு ஒன்று கொத்தனார் கையில் தட்டுப்படுவது அபூர்வமல்ல. இப்படிக் கிடைத்தவற்றுக்கு 1950களில் காலணிப் பிரிவுக் காப்பாளர் ஜூன் ஸ்வான் தொடங்கிய பதிவேடு நார்தாம்ப்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2012 வாக்கில் அதில் சுமார் 1,900 பதிவுகள். பெரும்பாலும் ஒற்றைச் செருப்பு, நன்றாகத் தேய்ந்தது, பாதிக்குப் பாதி குழந்தைகளுடையது. சட்டை, தொப்பி, இடுப்புக்கச்சைகளும் உண்டு. இவற்றுக்கென்றே 1998இல் தனி ஆய்வுத் திட்டம் தொடங்கியது.

எதற்காக ஒளித்தார்கள்? ஒளித்தவர்கள் காரணத்தை எழுதிவைக்கவில்லை. புகைபோக்கி, வாசற்படி, கூரை என்று தீயசக்தி நுழையக்கூடிய வழிகளில் காவலாக வைத்தார்கள் என்பது பரவலான கருத்து. வருடக்கணக்கில் போட்ட செருப்பில் போட்டவரின் கால்வடிவம் அப்படியே பதிந்திருக்கும். ஆளுக்குப் பதில் அதை வைத்திருக்கலாம். ஆனால் சுவருக்குள் கிடைத்த துணியெல்லாம் காப்பு அல்ல. ஆஸ்திரியாவின் லெங்பெர்க் கோட்டையில் 2008இல் வளைகூரையின் இடுக்கிலிருந்து 2,700க்கும் மேற்பட்ட துணித்துண்டுகள் வந்தன. 15ஆம் நூற்றாண்டின் லினன் (ஆளிநார்த் துணி) மார்க்கச்சைகளும் அதில் இருந்தன. அது பள்ளம் நிரப்பப் போட்ட குப்பை.

அதனால் பொருளைவிட அது இருந்த இடம் முக்கியம். கட்டும்போதோ பழுதுபார்க்கும்போதோ மட்டும் கை எட்டக்கூடிய இடுக்கா, தளப்பலகை இடுக்கு வழியாகத் தானே விழுந்திருக்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். வெளியே எடுத்துவிட்டால் இதைச் சொல்ல வழியில்லை. எனவே இழுக்காதீர்கள். அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள், தரையிலிருந்து உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அடியில் அட்டையை நுழைத்து மொத்தமாகத் தூக்குங்கள். கூடவே வரும் எலும்பும் வைக்கோலும் தொகுப்பில் சேர்ந்தவை. முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். பழைய கரித்தூளில் ஈயமும் இருக்கலாம்.

இத்தனை நாள் துணி மக்காமல் இருந்ததற்குக் காரணம் இருட்டும் வறட்சியும்தான். ஈரம் ஏறினால் கதை மாறும். சுண்ணாம்புச் சாந்து காரத்தன்மை உடையது. ஈரத்தோடு சேர்ந்தால் கம்பளி, பட்டு, தோலின் புரதத்தை அரிக்கும், லினனைப் பெரிதாகத் தொடாது. புகைக்கரி பெரும்பாலும் அமிலத்தன்மை உடையது. அது லினன், பருத்தியின் தாவர நார்ப்பொருளான செல்லுலோசைக் கெடுக்கும். ஒரே சட்டையில் துணி நொறுங்கி, தைத்த பட்டுநூல் மட்டும் மிஞ்சுவதும் அதன் எதிர்மாறும் இப்படித்தான்.

நல்லெண்ணத்தில் செய்யும் பெரிய சேதம் துவைப்பது. அழுக்கு, வியர்வைக் கறை, மடிப்பு, ஒட்டு எல்லாம் யார் எப்படி உடுத்தினார்கள், எப்படிச் சுருட்டித் திணித்தார்கள் என்பதற்குச் சான்று. காய்ந்த தோலை எண்ணெய் போட்டு வளைத்தால் விரிசல் விடும். செருப்பின் காலத்தைக் கணிக்க இடது வலது வேறுபாடும் உதவும்: 1600க்கும் 1800க்கும் இடையே பெரும்பாலும் இரண்டு காலுக்கும் ஒரே வடிவம்தான். அடித்தோலில் இயந்திரத் தையல் இருந்தால் 1850களுக்கு முந்தையதாக இருக்க வாய்ப்பில்லை.

ஈரமான துணியைப் பிளாஸ்டிக் பையில் அடைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். அமிலமற்ற தாள் சுற்றி அட்டைப்பெட்டியில் வையுங்கள். அந்துப்பூச்சி இருந்தால், நன்றாகக் காய்ந்த பிறகே பாலித்தீன் பையில் காற்றுப்புகாமல் கட்டி −30 டிகிரி செல்சியஸில் 3 நாள், சாதாரண உறைபெட்டியானால் −18இல் 2 வாரம் வைக்கலாம். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. ஒரு நாள் விட்டு, அறை வெப்பத்துக்கு வந்த பிறகு பிரித்தால்தான் குளிர்ந்த துணியில் நீர் கோக்காது.